மூக்கும் சைனஸும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

மூக்கில் எந்தத் தொந்தரவு வந்தாலும் என்ன மருந்து போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? எத்தனை நாளாக? கூடவே வேறு என்ன இருக்கிறது?

மூன்றிலும் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். சளிக்காய்ச்சல், ஒவ்வாமை, சொட்டு மருந்துப் பழக்கம், சாதாரண பாலிப் (சவ்விலிருந்து வளரும் மென்மையான வீக்கம்) எல்லாமே பெரும்பாலும் இரண்டு மூக்குத் துளைகளையும் பிடிப்பவை. ஒரே பக்கம் அடைப்பு, ஒரே பக்கம் ரத்தம், ஒரே பக்கம் நாற்றம் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும். அது வளைந்த சுவராக இருக்கலாம், குழந்தை திணித்த மணியாக இருக்கலாம், கெட்டுப்போன பல் வேராக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

மேற்கொண்டு படிக்காமல் கிளம்ப வேண்டியவர்கள்

மூக்கடைப்போ சைனஸ் தொந்தரவோ இருக்கும்போது கண்ணைச் சுற்றி வீங்கினால், கண் பிதுங்கினால், எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், பார்வை மங்கினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரு கண்களுக்கும் நடுவேயுள்ள காற்றறைகளான எத்மாய்ட் சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவில் இருப்பது தாளளவு மெல்லிய எலும்பு. சீழ் அதைத் தாண்ட அதிக நேரம் எடுக்காது. குழந்தைகளிடம் இன்னும் வேகமாகத் தாண்டும். நெற்றியில் மெத்தென்று ஒரு வீக்கம், கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கநிலை ஆகியவையும் இதே வரிசையில்தான்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் ஆகியோருக்கு முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, மூக்கிலோ அண்ணத்திலோ கருநிறப் பொருக்கு தெரிந்தாலோ அது கறுப்புப் பூஞ்சையாக இருக்கக்கூடும். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைக்கிறது. ரத்தம் போகாத திசு கறுத்துச் சாகிறது. மணிக்கணக்கில் பரவும்.

குழந்தை மூக்கில் பட்டன் பேட்டரியைப் போட்டுக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தாலே போதும், காத்திருக்க வேண்டாம். ஈரமான சவ்வில் பட்டதும் அது அரிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நடுச்சுவரையே ஓட்டையாக்கும். பிறந்த குழந்தை அமைதியாக இருக்கும்போது நீலம் பாய்ந்து, அழுதால் சிவந்தால், மூக்கின் பின்வாசல் இரண்டு பக்கமும் மூடியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பிறந்த சில வாரங்களுக்குக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும். அழும்போதுதான் வாய் திறந்து காற்று உள்ளே போகிறது.

உள்ளே என்னென்ன இருக்கின்றன

மூக்கை நடுவில் பிரிக்கும் சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மேல், நடு, கீழ் என்று மூன்று டர்பினேட்டுகள் உள்நோக்கிச் சுருண்டு நிற்கின்றன. எலும்பின் மேல் ரத்தம் நிரம்பக்கூடிய சதை போர்த்தியது டர்பினேட். வெளிக்காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து உள்ளே அனுப்பும் வேலை பெரும்பாலும் இவற்றுடையது. காற்று தொண்டையின் மேற்பகுதியை எட்டும்போது உடல் சூட்டை நெருங்கியிருக்கும்.

சைனஸ்கள் நான்கு ஜோடி: கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, இரு கண்களுக்கும் நடுவே சிறு சிறு அறைகளாக எத்மாய்ட், மூக்கின் ஆழத்தில் மண்டையின் அடித்தளத்தை ஒட்டி ஸ்பீனாய்ட். கன்ன சைனஸ், நெற்றி சைனஸ், எத்மாய்டின் முன்னறைகள் மூன்றும் நடு டர்பினேட்டுக்குக் கீழேயுள்ள ஒரே குறுகலான சந்தில்தான் வடிகின்றன. அந்தச் சந்து வீங்கினால் மூன்றும் சேர்ந்து அடைபடும். மூக்கைச் சோதிக்கும் மருத்துவர் அங்கே போய்த்தான் அதிக நேரம் நிற்பார். கீழ் டர்பினேட்டுக்கு அடியில் வந்து திறப்பது கண்ணீர்க் குழாய். அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான்.

கன்ன சைனஸின் வாய் அதன் அடியில் இல்லை. கதவைக் கூரைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிய அறையைப் போல, உள்சுவரின் உச்சியில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வழிந்து வெளியேற வழியே இல்லை. நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை அசையும் நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போய் வாயில் சேர்க்கின்றன. வைரஸ் தொற்றும் சிகரெட் புகையும் முதலில் கைவைப்பது இந்த நுண்மயிர்களில்தான். சளி விட்ட பிறகும் சில வாரங்கள் கன்னம் கனமாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூக்கடைப்பு

அதிகமானோர் சொல்லும் தொந்தரவு இது. அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

*அடைப்பு பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறதா?* சில மணி நேரம் வலது, பிறகு இடது என்று மாறினால் அது மூக்கின் இயல்பான சுழற்சி. ஒரு பக்க டர்பினேட் ரத்தம் நிரம்பிப் பருக்கும்போது மறுபக்கம் சுருங்குகிறது. பிறகு பக்கம் மாறுகிறது. 1895-இல் ரிச்சர்ட் கைசர் என்ற மருத்துவர் இதைப் பதிவுசெய்தார். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைப்பதும் இயல்புதான். நல்ல மூக்கில் மொத்தக் காற்றோட்டம் ஒரே அளவில் இருப்பதால் இந்தச் சுழற்சி நமக்குத் தெரிவதில்லை. தெரிய ஆரம்பித்தால், சுழற்சிக்கு மேல் வேறொரு வீக்கம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஒவ்வாமை.

*எப்போதும் ஒரே பக்கமா?* வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சில்லென்றிருக்கும் எவர்சில்வர் கரண்டியின் தட்டையான பகுதியை மூக்குக்கு நேர் கீழே கிடையாகப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை விடுங்கள். இரண்டு பனிப்பட்டைகள் படியும். எது சிறியது, எது முதலில் மறைகிறது என்று பாருங்கள். காலை, மதியம், இரவு என்று வெவ்வேறு நேரங்களில் திரும்பச் செய்யுங்கள். சிறிய பட்டை இடம் மாறினால் சுழற்சி. எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம் சிறிதாக இருந்தால் அங்கே நிலையான தடை இருக்கிறது. சிறு வயதிலிருந்தே இப்படி இருந்தால், அல்லது அடிபட்ட பிறகு வந்தால், நடுச்சுவர் வளைவு என்று ஊகிக்கலாம். நடுவயதில் புதிதாக ஒரு பக்கம் மட்டும் அடைக்கத் தொடங்கி நாளுக்கு நாள் இறுகினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கூடவே கழுத்தில் கட்டி, ஒரு காது அடைப்பு, சளியில் ரத்தக்கோடு இருந்தால் மூக்கின் பின்புறத்தில் புற்றுநோய் இல்லை என்று எண்டோஸ்கோப்பில் (மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கருவி) பார்த்து உறுதி செய்யும்வரை விடக் கூடாது.

நடுச்சுவர் வளைவைப் பற்றி இன்னொன்று. அச்சு அசலாக நேரான சுவர் உள்ளவர்கள் குறைவு. ஸ்கேன் அறிக்கையில் வளைவு என்று எழுதியிருப்பதாலேயே அறுவை சிகிச்சை வேண்டும் என்று ஆகாது. வளைந்த பக்கமும் அடைத்த பக்கமும் ஒன்றா, மருந்து போட்டும் தொந்தரவு தொடர்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சு.

*மூச்சை இழுக்கும்போதுதான் அடைக்கிறதா, விடும்போது இல்லையா?* கண்ணாடி முன் நின்று வேகமாக மூச்சை உள்ளே இழுங்கள். மூக்கின் பக்கச்சுவர் உள்வாங்கினால் சிக்கல் வால்வுப் பகுதியில். மூக்கு நுனிக்குச் சற்று உள்ளே, நடுச்சுவரும் பக்கக் குருத்தெலும்பும் சந்திக்கும் அந்தக் கோணம் வெறும் 10 முதல் 15 டிகிரிதான். காற்றுப்பாதை முழுவதிலும் மிகக் குறுகலான இடம் அது. இப்போது விரலால் கன்னத்தை மூக்கிலிருந்து வெளிப்புறமாக லேசாக இழுத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். சட்டென்று திறந்த மாதிரி இருந்தால் வால்வு மேல் சந்தேகம் கூடும். இதற்கு ‘காட்டில்’ (Cottle) சோதனை என்று பெயர். மற்ற காரணங்களிலும் கொஞ்சம் திறந்த உணர்வு வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். இரவில் மூக்கின் மேல் ஒட்டும் பட்டை இந்த வகைக்குத்தான் கேட்கும். ஒவ்வாமை வீக்கத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

*சொட்டு மருந்து போட்டால்தான் தூக்கமா?* சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகளும் ஸ்பிரேக்களும் சில நிமிடங்களில் ரத்தக் குழாயைச் சுருக்கி மூக்கைத் திறந்துவிடும். ஐந்தாறு நாட்களைத் தாண்டித் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். அதற்கு மறுபடி சொட்டு. அப்படியே மாதங்கள், ஆண்டுகள் ஓடிவிடும். மருந்துதான் நோய் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் போட்ட ஒவ்வொரு முறையும் அது வேலை செய்கிறது. வெளியே வர வழி இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு ஸ்டீராய்ட் ஸ்பிரேயைத் தொடங்கி, முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அந்தப் பக்கம் திறந்து ஒழுங்கானதும் மறுபக்கம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் மூக்கு தன் வழிக்கு வந்துவிடும்.

*அரிப்பு, அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகல், கண் உறுத்தலோடு இரண்டு பக்கமும் அடைப்பா?* ஒவ்வாமை. டர்பினேட் வெளிறிப்போய் ஊதலாகத் தெரியும். இதற்கு முதல் மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்ட் ஸ்பிரே. ஆண்டிஹிஸ்டமின் மாத்திரை தும்மலையும் ஒழுகலையும் அடக்கும். அடைப்பை அவ்வளவாகத் தொடாது. ஸ்பிரே பலிக்கவில்லை என்று சொல்லும் பலர் அடிக்கும் விதத்தில்தான் தவறுகிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். கை மாறினாலே குழாயின் முனை நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். நடுச்சுவர் மேலேயே தினமும் அடித்தால் ரத்தம் வரும். அடித்ததும் உறிஞ்சாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்ச் சேரும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

*வாசனையும் போய்விட்டதா?* இரண்டு பக்கமும் அடைத்து, வாசனையும் படிப்படியாகக் குறைந்தால் பாலிப் இருக்கலாம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்று பயப்படுபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கீழ் டர்பினேட்டை. அது எல்லோருக்கும் இருப்பது. டர்பினேட் இளஞ்சிவப்பாக, பக்கச்சுவரோடு ஒட்டி நிற்கும். மருத்துவர் மெல்லிய கருவியால் தொட்டால் வலிக்கும், தும்மல் வரும். பாலிப் சாம்பல் கலந்த வெளிர்நிறத்தில் பளபளவென்று இருக்கும், தள்ளினால் அசையும், தொட்டால் உணர்வே இராது. பாலிப்போடு ஆஸ்துமாவும் இருந்து, ஆஸ்பிரின் அல்லது அந்த வகை வலிமாத்திரை சாப்பிட்டால் மூச்சு இறைக்கும் என்றால் மூன்றும் ஒரே நோயின் பகுதிகள். மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

*குழந்தை வாயைத் திறந்தபடி தூங்குகிறதா?* குறட்டை, மூக்கடைத்த மாதிரிக் குரல், அடிக்கடி காதுவலி எல்லாம் சேர்ந்தால் அடினாய்டு, அதாவது மூக்கின் பின்புறத்தில் இருக்கும் சதை வீங்கியிருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் விளக்குவதைவிட அது பயன்படும்.

எதையும் காணோம், ஆனாலும் அடைத்த மாதிரியே இருக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. காற்று போவதை நாம் உணர்வது சவ்வில் ஏற்படும் குளிர்ச்சியால். மெந்தால் தடவியதும் மூக்கு திறந்தது போல இருக்குமே, அப்போது காற்றின் அளவு மாறுவதில்லை. குளிரை உணரும் நரம்பு தூண்டப்படுகிறது, அவ்வளவுதான். இதன் மறுபக்கமும் உண்மை: அறுவை சிகிச்சையில் டர்பினேட்டை அளவுக்கு மீறி வெட்டியவர்களுக்கு மூக்கு அகலத் திறந்திருந்தும் மூச்சு முட்டும். டர்பினேட்டைக் குறைப்பதில் கஞ்சத்தனம் நல்லது.

மூக்கு ஒழுகல்

பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் ஆண்டிபயாடிக் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். அந்தப் பச்சை நிறம் நம் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வெறும் வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாளில் அது வரும்.

நிறத்தை விட நாட்காட்டியை நம்புங்கள். சாதாரண சளி ஐந்து நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பத்து நாட்களுக்குள் அடங்கத் தொடங்கும். பத்து நாளாகியும் குறையாவிட்டால், அல்லது ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஏறினால், வைரஸுக்குப் பிந்தைய சைனஸ் வீக்கம் என்று பெயர்; இதிலும் பெரும்பாலானோருக்கு ஆண்டிபயாடிக் தேவைப்படாது. பாக்டீரியா என்று நினைக்க வைப்பவை வேறு: நன்றாகிக்கொண்டே வந்து திடீரென்று மறுபடி மோசமாவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒரே பக்கம் கடுமையான வலி, சீழ் போன்ற சளி. இவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து வரும்போது மருத்துவரிடம் போனால் சரியான நேரம். சளியில் தொடங்கி பாக்டீரியா சைனஸில் முடிவது நூற்றில் ஒன்றிரண்டுதான். 12 வாரத்தைத் தாண்டி அடைப்பும் ஒழுகலும் தொடர்ந்தால் அது நாட்பட்ட சைனஸ் அழற்சி. அதை நீண்ட நாள் அழற்சி நோயாகப் பார்த்து உப்புநீர்க் கழுவல், ஸ்டீராய்ட் ஸ்பிரே என்று தினசரி கவனிப்பில் வைக்க வேண்டும். மாதம் ஒரு ஆண்டிபயாடிக் அதற்குப் பதில் ஆகாது.

உப்புநீர் என்றதும் தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் கலக்கலாம். ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ காய்ச்சி வடித்ததாகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. நெக்லீரியா ஃபௌலெரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் கூரை வழியாக மூளைக்குப் போனால் உயிர் பிழைப்பவர்கள் மிகச் சிலர். அரிதுதான், ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைப்பதோடு தடுத்துவிடக்கூடியது.

ஒரு பக்கம் மட்டும், கெட்ட நாற்றத்தோடு ஒழுகினால் வயதைப் பாருங்கள். சிறு குழந்தை என்றால் வேறு எதையும் யோசிக்கும் முன் உள்ளே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: மணி, பஞ்சு, பென்சில் ரப்பர் துண்டு. இடுக்கியால் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். மருத்துவர்கள் சொல்லித்தரும் எளிய முறை ஒன்று உண்டு. பொருள் இல்லாத மூக்குத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, பெற்றவர் தன் வாயைக் குழந்தையின் வாயில் பொருத்தி, ஒரே ஒரு முறை சட்டென்று ஊதுவது. பல நேரம் பொருள் வெளியே வந்து விழும். பெரியவர் என்றால் மேல் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். அவற்றின் வேர்கள் கன்ன சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வேரில் சீழ் பிடித்தாலோ, பல் பிடுங்கிய இடம் மூடாமல் போனாலோ சீழ் மேலே ஏறும். பல்லைச் சரிசெய்யாமல் சைனஸுக்கு எத்தனை மருந்து கொடுத்தாலும் திரும்பும்.

ஒரு பக்கம் மட்டும், சுத்தமான தண்ணீராக, குனிந்தால் சொட்டுச் சொட்டாக விழுந்தால் அதை ஒவ்வாமை என்று தள்ளிவிடாதீர்கள். நாக்கில் உப்புக் கரிக்கிறதா? தலையில் அடிபட்டதா, மூக்கிலோ மூளையிலோ அறுவை நடந்ததா? மூளையைச் சுற்றியுள்ள திரவம் மண்டை எலும்பின் விரிசல் வழியாக வடியக்கூடும். எதுவுமே நடக்காமல், உடல் பருமனும் தலைக்குள் அழுத்தமும் கூடியவர்களுக்குத் தானாகவும் வடிவதுண்டு. அந்தத் திரவத்தைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுத்தால் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனையில் உறுதியாகிவிடும். ஓட்டை திறந்திருக்கும்வரை மூளைக்காய்ச்சல் வாசலில் நிற்கிறது. மூக்கைச் சிந்தாதீர்கள்.

முகவலி, தலைவலி

சைனஸ் தலைவலி என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு வருபவர்களிடம் மூக்கடைப்பும் இல்லை, சளியும் இல்லை, எண்டோஸ்கோப்பிலும் ஸ்கேனிலும் எல்லாம் சுத்தம் என்றால், மிகப் பெரும்பான்மையோருக்கு அது மைக்ரேன். இதை ஏற்றுக்கொள்ளத் தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு: வலி கன்னத்திலும் புருவத்திலும் இருக்கிறது, குனிந்தால் கூடுகிறது, சில சமயம் மூக்கும் கண்ணும் ஒழுகுகின்றன. இவை எல்லாமே மைக்ரேனிலும் நடக்கும். முகத்துக்கும் சைனஸுக்கும் மூளை உறைக்கும் உணர்வு தருவது ஒரே நரம்பு. வலி வரும்போது வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, வேலை பார்க்க முடியாமல் போகிறதா என்று கேளுங்கள். இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் சைனஸ் மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு மைக்ரேனுக்குச் சிகிச்சை கேளுங்கள். இதற்கென்று நல்ல மருந்துகள் இருக்கும்போது ஆண்டுக்கணக்கில் ஆண்டிபயாடிக் விழுங்குவது வீண்.

ஒரு கண்ணைச் சுற்றிக் குத்தும் வலி, அதே பக்கம் கண்ணீரும் அடைப்பும், கால் மணி முதல் மூன்று மணி நேரம்வரை நீடித்துத் தானாக விடும் என்றால் அது கிளஸ்டர் தலைவலி. விமானம் இறங்கும்போது மட்டும் நெற்றியில் ஊசி குத்தினால் நெற்றி சைனஸின் வாய் அடைத்திருக்கிறது.

உண்மையான தீவிர சைனஸ் வலி சளியோடு சேர்ந்து வரும், சளியோடு போகும். கன்ன சைனஸ் கன்னத்திலும் மேல் பற்களிலும், நெற்றி சைனஸ் புருவத்துக்கு மேலும், எத்மாய்ட் கண்களுக்கு நடுவிலும் வலிக்கும். ஸ்பீனாய்ட் மட்டும் உச்சந்தலையிலோ பின்தலையிலோ வலித்து ஆளை ஏமாற்றும். பாலிப் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நெற்றி சைனஸ் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அந்த வயதில் அது சரியாக உருவாகியே இருக்காது.

ரத்தம் வருதல்

முதலில் நிறுத்துங்கள், காரணம் பிறகு. உட்கார்ந்து முன்பக்கம் குனியுங்கள். மூக்கின் எலும்புப் பகுதியை அல்ல, அதற்குக் கீழேயுள்ள மென்மையான பகுதி முழுவதையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம். நடுவில் நின்றதா என்று விட்டுப் பார்க்கக் கூடாது. விட்டுப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்புங்கள். தலையை அண்ணாந்தால் ரத்தம் வயிற்றுக்குள் போய் வாந்தி வரும், எவ்வளவு போனது என்றும் தெரியாது.

இந்த முறை பலிப்பதற்குக் காரணம் உடற்கூறுதான். பத்தில் ஒன்பது ரத்தப்போக்கு நடுச்சுவரின் முன்பகுதியில், பல தமனிகள் வந்து பின்னிக்கொள்ளும் ஒரு சிறிய வட்டத்தில் தொடங்குகிறது. விரல் சரியாக அந்த இடத்தில்தான் அழுத்துகிறது. 15 நிமிடம் பிடித்தும் நிற்காவிட்டால், அல்லது முன்னால் வருவதைவிடத் தொண்டையில் அதிகமாக இறங்கினால், பின்பக்க ஸ்பீனோபாலட்டைன் தமனியாக இருக்கலாம். வயதானவர்களிடம் இது அதிகம், மருத்துவமனையில்தான் நிற்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நின்ற பிறகு காரணம். விரல் விட்டு நோண்டுவது, வறண்ட காற்று, சளி, தவறாக அடித்த ஸ்பிரே ஆகியவைதான் பெரும்பாலும். இவை அல்லாத சிலருக்கு மேலும் தேட வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வருவது வழக்கமில்லாதது. விடலைப் பையனுக்கு ஒரு பக்கம் அடைப்பும் பெருக்கெடுக்கும் ரத்தமும் சேர்ந்தால் ரத்தக் குழாய்க் கட்டியாக இருக்கலாம். அதில் கை வைத்துத் துண்டெடுத்தால் ஆபத்து. உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகள், குடும்பத்திலும் பலருக்கு இதே தொந்தரவு என்றால் பரம்பரை ரத்தக் குழாய் நோய். மரத்தூள், தோல் தூசியில் பல ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஒரு பக்கம் ரத்தச்சளி வந்தால் எத்மாய்ட் புற்றுநோயை நினைத்தே ஆக வேண்டும். இந்தத் தொழிலுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டது.

வாசனை தெரியவில்லை

ருசியே இல்லை என்றுதான் பலர் வருவார்கள். உப்பையும் சர்க்கரையையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டும் தெரிந்தால் நாக்கு நன்றாக இருக்கிறது, போனது வாசனை.

அடுத்து, விட்டு விட்டு வருகிறதா என்று கேளுங்கள். சில நாள் தெரிந்து சில நாள் தெரியாமல் போனால் மூக்கின் கூரையிலுள்ள மோப்பச் சவ்வுக்குக் காற்று போகும் வழி அடைபடுகிறது, பாலிப், அழற்சி. இது மருந்துக்கு நன்றாகக் கேட்கும். ஒரு சளிக்குப் பிறகு சட்டென்று போய் அப்படியே இருந்தால் வைரஸ் அந்தச் சவ்வையே தாக்கியிருக்கிறது. தலையில் அடிபட்ட பிறகு போனால் சல்லடை எலும்பு வழியாக மேலே ஏறும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்திருக்கலாம். இதில் திரும்புவது கடினம். வயதானவருக்குக் காரணமின்றி மெல்ல மெல்லக் குறைந்தால் பெரும்பாலும் முதுமை. சிலரிடம் பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வரும் அறிகுறி.

வைரஸுக்குப் பின் போனவர்களுக்கு வாசனைப் பயிற்சி இருக்கிறது. 2009-இல் தாமஸ் ஹும்மெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கு மணங்களைத் தினம் இரண்டு வேளை, 12 வாரம் முகரச் செய்தார்கள். மோப்ப நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைப்பவை என்பதுதான் இதன் அடிப்படை. இடையில் காபி கருகிய நாற்றம் அடிப்பது, பிடித்த உணவு அழுகியது போலத் தோன்றுவது எல்லாம் நடக்கும். வேதனையானதுதான், ஆனால் பெரும்பாலும் நரம்பு மீண்டும் முளைப்பதன் அடையாளம். அதுவரை வீட்டில் எரிவாயுக் கசிவைக் காட்டும் அலாரம் வையுங்கள். கெட்டுப்போன உணவை முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால் தேதி எழுதி வையுங்கள்.

மூக்கில் அடிபட்டால்

எக்ஸ்ரே எடுக்க ஓடாதீர்கள்; எலும்பு உடைந்ததா என்பதைக் கண்ணும் கையும் அதைவிட நன்றாகச் சொல்லும். முதல் நாள் பார்க்க வேண்டியது நடுச்சுவரை. மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே சுவரிலிருந்து செந்நீல நிறத்தில் மெத்தென்ற வீக்கம் புடைத்து நின்றால் அது ரத்தக்கட்டு. நடுச்சுவர்க் குருத்தெலும்புக்கென்று சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்திய உறையிலிருந்துதான் அதற்கு உணவு. ரத்தம் தேங்கி உறையைப் பிரித்தால் சில நாட்களில் குருத்து செத்து, சீழ் பிடித்து, மூக்கு நடுவில் அமுங்கிப்போகும். அன்றைக்கே வடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது. எலும்பின் கோணலுக்கு அவசரமில்லை: வீக்கம் வடிய ஐந்து முதல் ஏழு நாள் விட்டுப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் நிமிர்த்தினால் போதும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டிவிடும்.

மருத்துவர் பார்க்கும்போது

நெற்றி விளக்கும் மூக்கை விரிக்கும் கருவியும் வைத்துப் பார்த்தால் முன்பகுதி மட்டுமே தெரியும். நடு டர்பினேட்டுக்குக் கீழேயுள்ள அந்தச் சந்தையும், பின்வாசலையும், மோப்பப் பிளவையும் பார்க்க எண்டோஸ்கோப் வேண்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்தை அடித்துவிட்டுச் செய்வதால் கூச்சம் இருக்கும், பெரிய வலி இராது. நீண்ட நாள் தொந்தரவுக்கு எண்டோஸ்கோப் போடாமல் சைனஸ் என்று முடிவுசெய்தால், போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

சைனஸ் எக்ஸ்ரேயால் இன்று அதிகப் பயனில்லை. சிடி ஸ்கேன் நல்லது, ஆனால் எடுக்கும் நேரம் முக்கியம். சளி பிடித்திருக்கும்போது எடுத்தால் யாருக்கும் சைனஸ் நிரம்பித்தான் தெரியும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் சவ்வு சற்றுத் தடித்திருப்பதாக அறிக்கை வருவது சகஜம். அந்த வரியை மட்டும் வைத்து அறுவைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மருந்து முழுமையாகப் போட்டும் குறையாதபோதும், அறுவைக்குத் திட்டமிடும்போதும், ஒரே பக்கத்து நோய்க்கும், கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கலாம் என்று சந்தேகம் வரும்போதும் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும்.

ஒரு பக்கத்தில் மட்டும் பாலிப் மாதிரி ஒன்று தெரிந்தால், அதிலும் குழந்தைக்குத் தெரிந்தால், ஸ்கேன் வரும்வரை அதிலிருந்து துண்டெடுக்க அவசரப்படக் கூடாது. பார்வைக்குப் பாலிப் போலவே இருந்து, மண்டை எலும்பின் ஓட்டை வழியாக இறங்கிய மூளைத் திசுவாக இருக்கக்கூடும். குழந்தை அழும்போது அது புடைக்கும். அப்படி நீங்கள் கவனித்திருந்தால் மருத்துவர் கருவியைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.